நிர்ப்பந்தம் யாருடையது?

பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பதற்குக் கூலி வாங்கலாமா, கூடாதா? நம் மார்க்க அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்த மஸ்அலா இது. ஷாபிஈ மத்ஹபில் கூடும் என்றே சொல்லப்பட்டது. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களும் அவர்களுடைய முக்கிய மாணவர்களும் கூடாது என்றார்கள். ஆனால், பிற்காலத்து ஹனபி சட்ட அறிஞர்கள் தம் இமாமின் முடிவை விட்டு, கூடும் என்று பத்வா வழங்கினார்கள். ஏன் மாற்றினார்கள் என்பதற்கு அவர்கள் கூறிய காரணம் கவனிக்கத் தக்கது. முற்காலத்தில் ஓதிக் கொடுப்போருக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வந்து கொண்டிருந்தது. பின்னர் அது நின்று போயிற்று. உதவித்தொகையும் இல்லை, கூலியும் இல்லை என்றால் ஓதிக் கொடுக்க யார் முன்வருவார்? மார்க்கக் கல்வியே மறைந்துவிடும். ஆகவே நிர்ப்பந்தத்தைக் கருதி அனுமதித்தார்கள்.

அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால், ஒரு கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. பைத்துல்மாலின் கதவை அடைத்தவர் யார்? ஓதிக் கொடுத்த உஸ்தாது அடைக்கவில்லை. காசு கொண்டு வந்த பிள்ளையும் அடைக்கவில்லை. நிர்ப்பந்தம் அவ்விருவருக்கும் சலுகை வாங்கித் தருகிறது. கதவை அடைத்தவருக்கும், அடைபட்ட கதவின் பக்கத்தில் கடை விரித்தவருக்கும் அதே சலுகை செல்லுமா?

இந்தப் பழைய மஸ்அலாவை நான் இப்போது எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊரில் ஜமாஅத்தார் நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. அதன் நிர்வாகக் குழுவில் நானும் உறுப்பினன். வரும் ஆண்டு வகுப்பறைகளுக்குத் தொடுதிரைப் பலகைகளும், ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினிகளும் வாங்குவது, அதற்காகக் கட்டணத்தைச் சற்று உயர்த்துவது என்று பேச்சு நடந்தது. குழுவில் இளையவர் ஒருவர், வணிகர், நல்ல மனம் படைத்தவர். ஆப்பிரிக்காவைப் பாருங்கள் என்றார் அவர். சேரிப் பிள்ளைகளுக்கே கணினி வழியாகப் பாடம் சொல்லிக் கொடுத்து வெற்றி கண்டிருக்கிறார்கள், நாம் ஏன் தயங்க வேண்டும் என்று கேட்டார். அவர் சொன்ன அந்தக் கதை எனக்கும் ஓரளவு தெரியும். தெரிந்ததை முழுவதும் சொல்லிவிடுவது நல்லதென்று தோன்றியது.

கென்யா நாட்டின் தலைநகரம் நைரோபி. அங்கே முக்குரு, மத்தாரே, கிபேரா என்று பெரும் சேரிகள் இருக்கின்றன. தகரமும் மண்ணும் கொண்டு கட்டிய வீடுகள். இந்தக் குடியிருப்புகளை அரசாங்கம் வெகுகாலம் முறையான ஊராகவே கருதவில்லை. அதனால் இலட்சக்கணக்கான மக்கள் வாழும் இடத்தில் அரசுப் பள்ளிகள் மிகச் சிலவே. 2009ல் முக்குருவில் ஒரு புதுமாதிரிப் பள்ளி திறக்கப்பட்டது. ஜே கிம்மல்மன், ஷானன் மே என்ற அமெரிக்கத் தம்பதியர் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து தொடங்கிய 'பிரிட்ஜ் இன்டர்நேஷனல் அகாடமீஸ்' என்ற நிறுவனத்தின் முதல் பள்ளி அது. தகரக் கூரை, மரச்சட்டம், கம்பி வலை. எல்லாப் பள்ளிகளும் ஒரே அச்சு. சில ஆண்டுகளுக்குள் கென்யாவில் மட்டும் இப்படி 400க்கும் மேற்பட்ட பள்ளிகள் எழுந்தன. பிள்ளைகள் ஏறத்தாழ ஓரிலட்சம் பேர்.

அந்தப் பள்ளியில் பாடம் நடக்கும் முறையை அறிந்துகொள்ள வேண்டும். ஆசிரியர் கையில் ஒரு சிறு கணினி இருக்கும். இன்று இந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும், கரும்பலகையில் என்ன எழுத வேண்டும், எப்போது பிள்ளைகளைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். அவர் அதைப் பார்த்துச் சொல்லிக் கொண்டே போவார். அந்த வரிகளை எழுதியவர்கள் நைரோபியிலும், அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்திலும் இருக்கும் அலுவலகத்தார். ஆசிரியர் எத்தனை மணிக்கு வந்தார், பாடத்தில் எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் அதே கணினி வழியாகத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். ஆசிரியர்களில் பெரும்பாலோர் மேல்நிலைப் படிப்பை முடித்துவிட்டு, சில வாரப் பயிற்சி மட்டும் பெற்ற இளையவர்கள். அவர்கள் சம்பளம் அரசாங்க ஆசிரியர் வாங்குவதில் ஒரு சிறு பங்கு. வேலை நேரமோ மிக அதிகம்.

கட்டணம் மாதத்துக்குச் சுமார் 6 டாலர் என்று நிறுவனம் சொல்லி வந்தது. சீருடை, மதிய உணவு, தேர்வுச் செலவு எல்லாம் சேரும்போது அதற்கு மேலே போகும். கட்டணத்தைப் பள்ளியில் ரொக்கமாகக் கட்ட முடியாது. கென்யாவில் 2007 முதல் 'எம்-பேசா' என்ற கைப்பேசிப் பணமுறை பரவியிருக்கிறது. அதன் வழியாகத்தான் செலுத்த வேண்டும். பணம் வந்து சேர்ந்த பிள்ளை யார், சேராத பிள்ளை யார் என்பதைப் பள்ளி நிர்வாகியின் கைப்பேசியே காட்டிவிடும். சேராத பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்த நிறுவனத்தில் முதல் போட்டவர்கள் சாதாரணமானவர்களல்லர். பில் கேட்ஸ், மார்க் சக்கர்பர்க் போன்றோரின் பணம் உண்டு. பிரிட்டிஷ் அரசின் முதலீட்டு நிறுவனம் உண்டு. உலக வங்கியின் தனியார் முதலீட்டுக் கிளையும் ஒரு கோடி டாலர் போட்டது. 2015ல் அன்றைய உலக வங்கித் தலைவர் ஜிம் யோங் கிம் பொதுமேடையிலேயே இந்தப் பள்ளிகளைப் பாராட்டிப் பேசினார். அதைக் கண்டித்து நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகள் அறிக்கை விட்டன.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் வணிக நண்பர் சிரித்தார். "காக்கா, கோபித்துக் கொள்ளாதீர்கள். பசித்துக் கிடப்பவனுக்கு அரை வயிற்றுக் கஞ்சி ஊற்றுகிறவனைக் குறை சொல்கிறீர்களே! முழுச் சோறும் போட வேண்டியவன் போடாமல் போனான்; அவனை விட்டுவிட்டீர்கள். அந்தத் தாய் தன் பிள்ளைக்காக விரும்பித்தானே பணம் கட்டுகிறாள்? யாரும் அவள் கழுத்தைப் பிடிக்கவில்லையே?" என்றார்.

இது லேசான வாதமல்ல. இதை எடுத்தெறிந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் தம் பிள்ளைகளை நல்ல பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பேசுகிறவர்களே. கென்யாவின் அரசுப் பள்ளிகளில் பள்ளிக்கு வந்தும் வகுப்புக்குள் வராத ஆசிரியர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. பத்து வயதாகியும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் இருந்தார்கள் என்பதும் உண்மை. 2019ல் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரமரும் அவருடைய சகாக்களும் இந்தப் பள்ளிகளை ஆராய்ந்து 2022ல் முடிவுகளை வெளியிட்டார்கள். விண்ணப்பித்த பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரில் குலுக்கல் முறையில் சிலருக்கு இரண்டாண்டு உதவித்தொகை கொடுத்து அங்கே படிக்க வைத்து, கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உதவித்தொகை பெற்ற பிள்ளைகள் தெளிவாகவே முன்னேறியிருந்தார்கள். தொடக்க வகுப்புகளில் இரண்டாண்டுகளில் ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பு கூடுதலாகக் கிடைத்ததற்குச் சமம். மழலை வகுப்புகளில் அதைவிடவும் அதிகம். பின்தங்கி வந்த பிள்ளைகளும் பயனடைந்தார்கள். உண்மையை மறைத்து வாதம் செய்வது நமக்குத் தகாது. அந்தப் பிள்ளைகள் கற்றார்கள்.

ஆனால், அந்த ஆய்வை மறுமுறை படித்தபோது ஒன்று என் கண்ணில் பட்டது. பயன்பெற்றதாகக் கணக்கிடப்பட்ட பிள்ளைகளுக்கு உதவித்தொகை கிடைத்திருந்தது. அதாவது, அவர்களுக்குக் கட்டணம் என்ற வாசலே இல்லை. மாத நடுவில் பணம் வரவில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படும் நிலை அவர்களுக்கு இல்லை. ஆகவே ஆய்வு காட்டுவது இதுதான்: வாசலை எடுத்துவிட்டால் உள்ளே நடக்கும் பாடம் பயன் தருகிறது. வாசலில் நின்று திரும்பிப் போன பிள்ளை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஆய்வாளர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கேட்ட கேள்வி வேறு. நண்பரைப் போன்றவர்கள் அந்தப் பதிலை எடுத்து நம் கேள்விக்குப் பொருத்துவதைத்தான் சொல்கிறேன்.

இந்தப் பயன் கட்டணப் பள்ளிக்கு மட்டுமே கைவந்த இரகசியமா என்று பார்த்தால், அதுவுமில்லை. அதே கென்யாவில் 2015 முதல் 'துசோமே' என்ற திட்டம் நடந்தது. சுவாஹிலி மொழியில் 'வாசிப்போம்' என்று பொருள். நாடு முழுவதிலும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் நடந்த திட்டம் அது. பிள்ளைக்கு ஒரு புத்தகம். ஆசிரியருக்கு நாள்வாரியாகப் பாடக் கையேடு. வகுப்புக்கு நேரில் வந்து பார்த்துத் திருத்தும் அதிகாரிகளின் கையில் சிறு கணினி. இங்கேயும் பாடம் முன்கூட்டியே எழுதப்பட்டதுதான். இங்கேயும் கணினி உண்டு. பிள்ளைகளின் வாசிப்பும் முன்னேறியது. கட்டணம் மட்டும் இல்லை. அமெரிக்க, பிரிட்டிஷ் அரசுகளின் உதவிப் பணத்தில் நடந்தது என்ற குறை இதற்கு உண்டு. பிறர் தரும் பணம் என்றைக்கும் நிலைக்காது. அது வேறு விஷயம். கருவிக்கும் கட்டணத்துக்கும் பிரிக்க முடியாத முடிச்சு எதுவும் இல்லை என்பதற்கு இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும். பிரிட்ஜ் நிறுவனத்தாரே 2018 முதல் நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் அரசுப் பள்ளிகளுக்குள் தம் முறையைக் கொண்டு சென்றார்களே! அங்கே பிள்ளைகளிடம் காசு வாங்கவில்லை.

இனி அந்த நிர்ப்பந்தம் எப்படி உண்டாயிற்று என்று பார்ப்போம். விடுதலை பெற்ற கென்யா, கல்விக்குப் பெரும்பொருள் செலவிட்ட நாடு. 1980களில் கடன் சுமை ஏறியது. கடன் கொடுத்தவர்கள் அரசுச் செலவைக் குறைக்கச் சொன்னார்கள். 1988ல் 'செலவைப் பகிர்ந்து கொள்ளுதல்' என்ற அழகான பெயரில் பெற்றோர் தலையில் கட்டணம் ஏற்றப்பட்டது. உலக வங்கியின் ஆலோசனை அதன் பின்னால் இருந்தது. 1998ல் புதிய ஆசிரியர் நியமனம் நிறுத்தப்பட்டது. பிறகு 2003 ஜனவரியில் அதிபர் முவாய் கிபாக்கியின் அரசு தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. பத்து இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் புதிதாக வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் மட்டுமா? 84 வயதான கிமானி மருகே என்ற முதியவர் 2004ல் முதல் வகுப்பில் போய் உட்கார்ந்தார். எத்தனை தாகம் அடைபட்டுக் கிடந்திருக்கிறது, பாருங்கள். ஆனால், இத்தனை பிள்ளைகளுக்கு ஏற்ப ஆசிரியர்களைச் சேர்க்கவில்லை. ஒரு வகுப்பில் எண்பது, நூறு பிள்ளைகள். கற்பித்தல் தளர்ந்தது. தளர்ந்ததைப் பார்த்த பெற்றோர் வேறு இடம் தேடினார்கள். அந்த வேறு இடம்தான் தகரக் கூரைப் பள்ளி.

ஆசிரியர் நியமனத்தை நிறுத்திய அரசாங்கம், செலவைக் குறைக்கச் சொன்ன வங்கி, பின்னர் அதே வங்கியின் மற்றொரு கிளை அந்தக் கட்டணப் பள்ளியில் முதலீட்டாளர். இவர்களெல்லாம் ஒன்றுகூடிச் சதி செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவரவர் அறையில் அவரவருக்குச் சரியென்று பட்டதைச் செய்திருப்பார்கள். ஆனால், கதவை அடைப்பதில் கை இருந்தவர்களே, பக்கத்துக் கடையின் பங்குதாரராகவும் ஆகி, 'வேறு வழியில்லாத ஏழைக்கு உதவுகிறோம்' என்று பேசும்போது, ளரூரத் என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்த முடியுமா? அந்தத் தாய் பயன்படுத்தலாம். அவளுக்கு அது உண்மை. தன்னால் உண்டான அல்லது தன் இலாபத்துக்கு வேண்டியிருக்கும் நிர்ப்பந்தத்தைக் காட்டி ஒருவர் சலுகை கேட்பது வேறு சங்கதி.

2018ல் கென்யாவின் பெற்றோரும் ஆசிரியர்களுமாகச் சிலர், ஒரு மனித உரிமை அமைப்பின் உதவியோடு, உலக வங்கிக் கிளையின் குறைதீர்க்கும் அலுவலகத்தில் புகார் செய்தார்கள். 2022ல் அந்தக் கிளை தன் முதலீட்டை விலக்கிக் கொண்டது.

மற்ற இரு நாடுகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். உகாண்டாவில் இந்நிறுவனத்துக்கு 63 பள்ளிகள், சுமார் 12,000 பிள்ளைகள். சுகாதாரமும் கல்வித் தரமும் சரியில்லை, ஆசிரியர்கள் தகுதி பெற்றவர்களல்லர் என்று சொல்லி 2016ல் அரசு அவற்றை மூட உத்தரவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எதிர்ப்பாளர்கள் மகிழ்ந்தார்கள். எனக்கு முழு மகிழ்ச்சி இல்லை. ஒரு கதவை மூடுகிற அரசு, தன் கதவை அகலமாகத் திறந்து வைத்துவிட்டல்லவா மூட வேண்டும்?

லைபீரியாவில் நடந்தது வேறு விதம். அங்கே 2016ல் அரசாங்கமே 93 பள்ளிகளை எட்டு அமைப்புகளிடம் ஒப்படைத்தது; அவற்றுள் பிரிட்ஜும் ஒன்று. பிள்ளைக்குக் கட்டணமில்லை. முதலாண்டு முடிவில் படிப்பு முன்னேறியிருந்தது; ஆசிரியர்கள் ஒழுங்காக வந்தார்கள். ஆனால், பிரிட்ஜ் நடத்திய பள்ளிகளில் வகுப்புக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்து, மிகுதிப் பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். திறமை போதாத ஆசிரியர்களையும் வேறு அரசுப் பள்ளிகளுக்குத் தள்ளினார்கள். தள்ளப்பட்ட ஆசிரியர் வேறொரு பிள்ளைக்கு ஆசிரியராகத்தானே போவார்? பணத்தால் அடைத்தாலும் எண்ணிக்கையால் அடைத்தாலும் வெளியே நிற்பது யாரோ ஒருவருடைய பிள்ளை.

கணினியைப் பார்த்து வரிவரியாகச் சொல்லும் அந்த இளம் ஆசிரியையைப் பற்றி ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பொருள் தெரியாமல் ஓதிக் கொடுத்தவர்களிடம் ஓதி வளர்ந்தவர்கள் நாம். நமக்கு அந்த ஏளனம் தகாது. எழுதி வைத்த பாடம் ஓர் ஊன்றுகோல். ஊன்றுகோல் பிடித்து நடப்பதில் வெட்கமில்லை. பாடம் விளங்காத பிள்ளை எழுந்து நின்று, 'டீச்சர், ஏன்?' என்று கேட்டால், நின்று பதில் சொல்ல அவளுக்கு நேரமும் உரிமையும் உண்டா என்பதுதான் என் கவலை. கணினி அடுத்த வரிக்கு அழைக்கிறது. தலைமை அலுவலகம் பார்த்துக் கொண்டிருக்கிறது. பணக்காரப் பிள்ளையின் பள்ளியில் ஆசிரியரை இப்படி நிறுத்தி வைப்பார்களா? அங்கேயும் கணினி இருக்கும். ஆனால், பிள்ளையின் கையில் இருக்கும், அவன் கேள்விக்குப் பதில் தேடுவதற்காக. கொரோனா நோய் பரவி 2020 மார்ச்சில் கென்யப் பள்ளிகள் மூடப்பட்டபோது, வசதியான வீட்டுப் பிள்ளைகள் வலைவழியாகப் பாடம் படித்தார்கள். சேரிப் பிள்ளைக்கு வானொலி வாய்த்தால் பெரிது. முழுமையாகத் திறக்க 2021 ஜனவரி ஆயிற்று.

மொம்பாசாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கென்யாவின் கடற்கரை நகரம். நம் மக்கள் அதிகம் வாழும் பகுதி. அங்குள்ள முஸ்லிம் பிள்ளைகள் குர்ஆன் மதரஸாவுக்குப் போனார்கள்; ஆனால், நல்ல தொடக்கப் பள்ளிகளில் இடம் கிடைக்காமல் பின்தங்கினார்கள். 1980களில் ஊர்ப் பெரியவர்கள் ஆகா கான் அறக்கட்டளையிடம் வழி கேட்டார்கள். ஸ்வாபியா ஸஈத் என்ற ஆசிரியை முன்னின்று, மதரஸாவோடு இணைந்த மழலைப் பள்ளிகளை உருவாக்கினார். அந்தந்த ஊர்ப் பெண்களையே ஆசிரியைகளாகப் பழக்கினார். கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டே எண்ணவும் எழுதவும் கற்றுத் தந்தார்கள். பள்ளியின் உரிமை ஊர்க்குழுவுக்கு. இந்த முறை சான்சிபாருக்கும் உகாண்டாவுக்கும் பரவியது. இதில் குறையே இல்லையா? உண்டு. இங்கேயும் சிறு கட்டணம் உண்டு. அது சரியாக வராததால் ஆசிரியைகளின் சம்பளம் தடைப்படும். ஏழை ஊர் தன் பள்ளியைத் தானே தாங்க வேண்டும் என்பது பெரும் பாரம்தான். ஆனால், பணம் கட்டாத பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை, ஏன் கட்டவில்லை, தந்தை கடலுக்குப் போய்த் திரும்பவில்லையா, தாய் நோயுற்றாளா என்பது குழுவில் உள்ளவர்களுக்குத் தெரியும். கேட்டு வர ஆள் அனுப்பலாம். கைப்பேசித் திரையில் வரும் பட்டியலுக்கு அது தெரியாது.

இவ்வளவையும் கேட்டபின் எங்கள் வணிக நண்பர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "சரி காக்கா, முக்குருவில் இருக்கும் அந்தத் தாய் நாளைக் காலையில் பிள்ளையை எங்கே அனுப்புவாள்? அதைச் சொல்லுங்கள்" என்றார்.

"அங்கேதான் அனுப்புவாள். நானாக இருந்தாலும் அங்கேதான் அனுப்பியிருப்பேன்" என்றேன்.

"அப்படியானால் நம் பள்ளி?"

நம் பள்ளியின் கதவு நம் கையில் இருக்கிறதே என்றேன். தொடுதிரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குரிய பணத்தை வசதி உள்ளவர்களிடம் நன்கொடையாகத் திரட்ட முடியுமா என்று முதலில் பார்ப்போம் என்றேன். அவரும் ஒத்துக்கொண்டு, தம் பங்காக ஒரு தொகையும் எழுதினார். அதோடு அவரே ஒரு யோசனையும் சொன்னார். கடந்த மூன்றாண்டுகளில் கட்டணம் கட்ட முடியாமல் நம் பள்ளியிலிருந்து நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும் என்றார். எழுத்தரிடம் சொல்லியிருக்கிறோம். அப்படி ஒரு பதிவேடு இதுவரை வைக்கப்படவில்லை என்றும், வீடு வீடாகப் போய்த்தான் கேட்டு வர வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நாங்கள் மூவர் புறப்படுவதாக இருக்கிறோம்.